பணித்தளத்தில் முதல் வருடம்: வாசகர் கேள்வி – பதில்

ஐயா, எனக்கு 22 வயது. பி.காம். முடித்திருக்கிறேன். ஜார்க்கண்டில் சாஹிப்கஞ்ச் பக்கம் ராஜ்மகால் மலையில் ஒரு வருடம் ஊழியம் செய்ய ஒரு மிஷனெரி சங்கம் அழைத்திருக்கிறது. புறப்பட இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. எப்படி ஆயத்தமாவது?
— வாலிபர், சாத்தான்குளம்

தம்பி, முதலில் உடம்பைப் பாருங்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. இரண்டை ஊரிலேயே போட்டுக்கொண்டு மூன்றாவதைப் பணித்தளத்தில் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தேதியை இப்போதே குறித்து வையுங்கள், அங்கே போனால் மறந்துபோகும். டைஃபாய்டு, டெட்டனஸ் ஊசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்தால் இப்போதே அடைத்துவிடுங்கள். மலைமேல் பல் வலி வந்தால் இறங்கி நகரத்துக்குத்தான் போகவேண்டும், இரண்டு நாள் வேலை போய்விடும். கண்ணாடி போடுகிறவர் என்றால் மாற்றுக் கண்ணாடி ஒன்று கட்டாயம்.

அடுத்தது சங்கத்தோடு பேசவேண்டியது. மாதப் படி எவ்வளவு, மருத்துவச் செலவு யாருடையது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை விடுமுறை, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைக்கவேண்டாம். பணித்தளத்தில் வருகிற மனக்கசப்பில் பெரும்பகுதி இந்த நான்கைப் பேசாமல் விட்டதால் வருவதுதான். அப்பா அம்மாவிடமும் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

பெட்டியில் பொடிக்கண் கொசுவலை, டார்ச், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து, தெர்மாமீட்டர், மலைப்பாதைக்கு ஏற்ற செருப்பு இருக்கட்டும். கொசுவலையில் 'பொடிக்கண்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பகுதியில் காலா அசார் என்ற காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈ, கொசுவில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். சாதாரண வலைக்கண் வழியாக அது உள்ளே வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: இந்த நான்கு மாதமும் வாரம் ஒரு மாலை உங்கள் சபை ஊழியரோடு வீடு சந்திக்கப் போங்கள். படுத்த படுக்கையாக இருக்கிற பாட்டி வீடு, வேலை போன அண்ணன் வீடு, துக்க வீடு என்று போய், அவர் எப்போது பேசுகிறார், எப்போது வாயை மூடிக்கொள்கிறார் என்று பாருங்கள். சொந்தத் தெருவில், சொந்த மொழியில் ஒரு நோயாளி பக்கத்தில் உட்காரத் தெரியாதவருக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனதும் அது வந்துவிடாது.

இந்தி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். எழுத்து வருகிறது, பேசினால் இந்திக்காரர்கள் புரியவில்லை என்கிறார்கள். எங்கே தவறு?
— சகோதரி ஒருவர், நாகர்கோவில்

பெரும்பாலும் மூச்சில்தான். 'கானா' என்று எழுதிப் பாருங்கள். இந்தியில் சாப்பாடு, பாட்டு, ஒற்றைக்கண்ணன் ஆகிய மூன்றும் வேறு வேறு சொற்கள். தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே 'கானா'. நம் காதும் அப்படியே ஒன்றாகக் கேட்டுப் பழகியிருக்கிறது. உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைச் சொல்லும்போது காகிதம் ஆடவேண்டும். பாட்டைச் சொல்லும்போது காகிதம் ஆடக்கூடாது, ஆனால் தொண்டையில் கை வைத்தால் அதிர்வு தெரியவேண்டும். நாம் 'பங்கு' என்பதில் சொல்லும் ஒலி அது. 'காகம்' என்பதன் முதல் ஒலி வந்தால் அது ஒற்றைக்கண்ணன். தினம் பத்து நிமிடம் இதைச் செய்தால் சில வாரங்களில் காது பிரித்துக் கேட்க ஆரம்பிக்கும். காது பிரித்துவிட்டால் நாக்கு பின்னால் வரும்.

இரண்டாவது, வினைச்சொல். நமக்கு 'நான் போகிறேன்' ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். இந்தியில் ஆண் 'ஜாதா ஹூம்', பெண் 'ஜாதீ ஹூம்'. ஆண் ஆசிரியரிடம் படிக்கும் சகோதரிகள் அவர் சொன்னபடியே திருப்பிச் சொல்லி, பல மாதம் 'ஜாதா' என்றே பேசிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது தவறுதான் மனதைப் புண்படுத்துவது. பழைய இந்தி வேதாகமத்தில் கடவுளைத் 'தூ' என்று அழைத்திருக்கிறது. அது அன்பின் நெருக்கம். வேதத்தை வைத்தே இந்தி படித்தவர்கள் அதே பழக்கத்தில் ஊர்ப் பெரியவரிடமும் 'தூ' என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் காதில் அது 'ஏய், நீ' என்றுதான் விழும். பெரியவர்களுக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும் எப்போதும் 'ஆப்', அதாவது 'நீங்கள்'. சிறு பிள்ளைகளுக்குக்கூட முதல் மாதம் 'ஆப்' சொல்வதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ராஜ்மகால் மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அங்கே சௌரியா பஹாடியா மக்கள் பேசும் மால்தோ மொழி நம் தமிழின் தூரத்துச் சொந்தம், திராவிட மொழி. 'நான்' என்பதற்கு 'ஏன்', 'நீ' என்பதற்கு 'நின்', கண்ணுக்குக் 'கனு' (அந்தக் ககரம் மட்டும் தொண்டையின் அடியிலிருந்து வரும்). இந்தியோடு நின்றுவிடாதீர்கள். நோயில் படுத்திருக்கிற தாய் இந்தியில் அழமாட்டாள். அதே மலையடிவாரத்தில் சந்தாலி பேசுகிறவர்களும் உண்டு. அது வேறு மொழிக் குடும்பம், அங்கே நம் சொந்தம் உதவாது.

ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது 24 வயது நிறையவில்லை. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அரிச்சுவடி எழுதினார். அந்த இடத்தில் உட்கார வெட்கப்படாதவர்களுக்கு மொழி வரும்.

எங்கள் சபை வாலிபர் ஆறு பேர் ஞாயிறு மாலை அரசு மருத்துவமனை வார்டுகளுக்குப் போய் ஜெபிக்கிறோம். சிலர் சந்தோஷப்படுகிறார்கள், சிலர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். எப்படிச் செய்வது சரி?
— வாலிபர் சங்கச் செயலாளர், மதுரை

முதலில், ஆறு பேராகப் போகவேண்டாம். ஒரு கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நின்றால் படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டும். தன் நிலைமை மோசம், அதனால்தான் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்றும் தோன்றும். இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். பெண்கள் வார்டுக்குப் போகிற ஜோடியில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். மருத்துவமனை ஆர்.எம்.ஓ.விடம் (உறைவிட மருத்துவ அலுவலர்) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வார்டுக்குள் நுழைந்ததும் பணியில் இருக்கும் நர்ஸிடம் போய், 'இன்றைக்கு யாரைத் தொந்தரவு செய்யக்கூடாது சிஸ்டர்?' என்று கேளுங்கள். அவர் காட்டுகிற கட்டில்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கட்டிலுக்குப் போகுமுன் கை கழுவுங்கள், அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் மறுபடி கழுவுங்கள். ஸ்டூல் இருந்தால் உட்காருங்கள், உங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். நின்றுகொண்டே பேசினால் அவர் அண்ணாந்து பார்க்கவேண்டும், நீங்களும் புறப்படப்போகிறவர் மாதிரியே தெரிவீர்கள். கட்டிலில் உட்காராதீர்கள். அறுவை சிகிச்சை ஆனவருக்கு மெத்தை அசைந்தாலே வலி. டிரிப் ஸ்டாண்டில் பையை மாட்டாதீர்கள்.

முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: 'ஐயா, நாங்கள் சர்ச்சிலிருந்து நோயாளிகளைப் பார்க்க வந்திருக்கிறோம். இப்போது கொஞ்ச நேரம் உட்காரலாமா, வேண்டாமா?' 'வேண்டாம்' என்ற சொல்லையும் நீங்களே எடுத்துக் கொடுத்தால்தான் அவர் அதைச் சொல்லமுடியும். படுக்கையில் கிடக்கிறவருக்கு எழுந்து போக வழியில்லை. ஊசி, மருந்து, டெஸ்ட் எதையும் அவரிடம் கேட்டுச் செய்வதில்லை. அன்று அவர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். சொன்னால், 'சரிங்க ஐயா, நல்லா ஓய்வெடுங்க' என்று எழுந்துவிடுங்கள். அந்த மரியாதையும் ஊழியம்தான். சுவர்ப் பக்கம் திரும்பியவர்களில் பலர் உங்கள் விசுவாசத்தை வேண்டாம் என்று திரும்பவில்லை, களைத்துப்போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

உட்காரச் சொன்னால், நோயைக் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள். 'எந்த ஊர்? வீட்டில் யார் யார்?' அவரே நோய்க்கு வருவார். வந்ததும் குறுக்கிடாமல் கேளுங்கள். இங்கேதான் வாலிபர்கள் தடுக்கி விழுகிறார்கள். மௌனம் மூன்று விநாடி நீடித்தால் பயந்து ஒரு வசனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

சொல்லக்கூடாதவை சில உண்டு. 'எங்க மாமாவுக்கும் இதேதான், மூணு மாசத்துல போயிட்டாரு.' 'தேவன் காரணமில்லாமல் எதையும் அனுமதிக்கமாட்டார்.' 'விசுவாசித்தால் நாளைக்கே எழும்புவீர்கள்.' கடைசி வாக்கியம் மிகவும் ஆபத்தானது. நாளைக்கு அவர் எழும்பவில்லை என்றால் நோயோடு குற்ற உணர்ச்சியையும் அவர் தலையில் ஏற்றிவிட்டீர்கள்.

ஜெபிக்கலாமா என்று கேட்டு, சம்மதித்தால் மட்டும் ஜெபியுங்கள். பிற மதத்தவர் என்றால் இன்னும் தெளிவாகக் கேளுங்கள்: 'நாங்கள் இயேசுவிடம் ஜெபிப்பவர்கள். உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?' நீளம் ஒரு நிமிடத்துக்குள். குரல் அவருக்குக் கேட்டால் போதும், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கவேண்டாம். அவர் சொன்ன சொற்களையே ஜெபத்தில் வையுங்கள். 'சின்ன மகளுக்குப் பரீட்சை, பக்கத்தில் இருக்க முடியலையே' என்று அவர் சொல்லியிருந்தால், 'ஆண்டவரே, பரீட்சை எழுதுகிற அந்தச் சின்ன மகளோடு இரும்' என்று சொல்லுங்கள். பாதிப் பேர் அந்த இடத்தில்தான் அழுவார்கள். தாங்கள் சொன்னதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததால் வருகிற அழுகை அது. வசனம் ஒன்று போதும். 23-ம் சங்கீதம் பலருக்கு மனப்பாடம், தானும் சேர்ந்து சொல்வார்கள். வலி தாங்காமல் கோபத்தில் இருப்பவருக்கு 13-ம் சங்கீதம் பொருத்தம், 'எதுவரைக்கும்' என்று கேட்கிற சங்கீதம் அது.

எண்ணெய், தண்ணீர், பிரசாதம் போல எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். மறுநாள் அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கிறவருக்கு ஒரு வாய் ஜூஸ் கொடுத்தால் அறுவை சிகிச்சையையே தள்ளிவைக்க நேரும். ஒரு நோயாளியிடம் பேச்சும் ஜெபமுமாக மொத்தம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நினைவில்லாமல் இருப்பவரிடமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யார் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டே ஜெபியுங்கள். காது கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர் தலைமாட்டில் நின்று அவர் நிலைமையைப் பற்றிக் கிசுகிசுக்காதீர்கள்.

கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக் கிடக்கிற மனைவியை, அம்மாவை மறக்காதீர்கள். நோயாளியை டாக்டர் பார்க்கிறார், நர்ஸ் பார்க்கிறார். உடனிருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. 'சாப்பிட்டீங்களா அக்கா? நாங்க அரை மணி நேரம் இங்க இருக்கோம், நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க' என்று சொல்வது பல நாள் பிரசங்கத்துக்குச் சமம். 'அடுத்த வாரம் வருகிறோம்' என்று சொன்னால் வாருங்கள். வர முடியாவிட்டால் சொல்லாதீர்கள்.

காய்ச்சலுக்கு ஜெபம் கேட்டு வருகிறார்கள். கையில் இருக்கிற மாத்திரையையும் கொடுத்து ஜெபிக்கலாமா?
— பணித்தள ஊழியர்

பாரசெட்டமாலுக்கு மேல் எதுவும் உங்கள் கையால் வேண்டாம். மலேரியா உள்ள பகுதியில் காய்ச்சல் என்றால் அன்றே ரத்தப் பரிசோதனை. கிராமத்துச் சுகாதாரப் பெண்ணை, ஜார்க்கண்டில் 'சஹியா' என்பார்கள், உடனே கூப்பிடுங்கள். மலேரியாவில் கொடிய வகையான ஃபால்சிபாரம் மூளைக்கு ஏறினால் ஓரிரு நாளிலேயே உயிர் போகலாம். ஜெபித்துவிட்டு நாளை பார்ப்போம் என்று காத்திருக்க அங்கே நேரமில்லை. காய்ச்சல் இரண்டு வாரத்தைத் தாண்டி, இடது விலாவுக்குக் கீழே வயிறு கெட்டியாக வீங்கியிருந்தால் காலா அசாராக இருக்கலாம். சாஹிப்கஞ்ச், பாக்கூர், தும்கா, கோட்டா மாவட்டங்களில் அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். ஜெபித்த பிறகு உடம்பு தேறியது என்று யாராவது சாட்சி சொன்னால், மருந்தைத் தொடர்கிறாரா என்று அதே இடத்தில் கேளுங்கள். காசநோய்க்கு ஆறு மாத மருந்து. ஓரிரு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிடும், அப்போது நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காததாகவும் திரும்பலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். இன்சுலினும் அப்படியே. 'மருந்தை விடு' என்று சொல்லும் அதிகாரம் எந்த ஊழியருக்கும் கிடையாது.

விடுமுறை வேதப்பள்ளியில் ஒரு சிறுமி தனியாக வந்து, உறவினர் ஒருவர் தப்பாக நடந்துகொள்கிறார் என்றாள். 'யாருக்கும் சொல்லக்கூடாது அக்கா' என்று சத்தியம் கேட்டாள். என்ன செய்வது?
— விடுமுறை வேதப்பள்ளி ஆசிரியை

சத்தியம் செய்யாதீர்கள். 'உன்னைப் பத்திரமாக வைக்க உதவுகிறவர்களுக்கு மட்டும் சொல்லவேண்டியிருக்கும், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன்' என்று சொல்லுங்கள். திட்டாதீர்கள், ஆச்சரியப்படாதீர்கள், தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். அவள் சொன்ன சொற்களை அப்படியே அன்றே தேதியோடு எழுதி வையுங்கள். 'நீ இதை என்னிடம் சொன்னது நல்லது, தப்பு உன்னுடையது இல்லை' என்ற இரண்டு வாக்கியமும் அவள் காதில் விழவேண்டும்.

போக்சோ சட்டம் 2012-ன்படி இதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். 1098-க்கு அழைத்தால் குழந்தைகள் உதவி மையம் வழிகாட்டும். சபைப் பெரியவர்கள் 'குடும்ப மானம், உள்ளுக்குள் பேசி முடிப்போம்' என்பார்கள். அந்தப் பேச்சுக்கு இணங்காதீர்கள். அந்த உறவினரிடம் நீங்களே போய் விசாரிக்கவும் வேண்டாம். விசாரித்தால் அன்று இரவே சிறுமியை மிரட்டிவிடுவார்கள். சாக நினைப்பதாக யாராவது சொன்னாலும் இதே முறைதான்: தனியே விடாதீர்கள், 14416-க்கு அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

மதமாற்றத் தடைச் சட்டம் உள்ள மாநிலத்தில் சுவிசேஷத் துண்டுப்பிரதி கொடுக்கலாமா?
— வாசகர், கோவை

மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு கொடுக்கிறது. இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமையை அது கொடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொல்லியிருக்கிறது. ஜார்க்கண்டில் 2017 சட்டப்படி பலவந்தம், ஆசைகாட்டுதல், ஏமாற்று இவற்றால் மதம் மாற்றினால் 3 ஆண்டுவரை சிறை. சிறுவர், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் 4 ஆண்டுவரை. 'ஆசைகாட்டுதல்' என்ற சொல்லின் வீச்சு பெரியது. ஆகவே அரிசி, போர்வை, கல்விக் கட்டணம் கொடுக்கும் இடத்தில் துண்டுப்பிரதி வேண்டாம், ஜெபக் கூட்டத்தில் பொருள் விநியோகம் வேண்டாம். சட்டம் இல்லாவிட்டாலும் இதுவே சரி. பசித்தவர் வாங்கிக்கொள்கிற பிரதியை அவர் விரும்பி வாங்கினார் என்று எப்படித் தெரியும்? பிள்ளைகளுக்குப் பெற்றோர் அறியாமல் எதையும் கொடுக்காதீர்கள். ஞானஸ்நானம் பற்றிய எதையும் சங்கத்தின் மூத்தவரும் வழக்கறிஞரும் அறியாமல் செய்யாதீர்கள்.

உள்ளூர் உடன் ஊழியர்கள் எங்களை 'சார்' என்று கூப்பிட்டுத் தள்ளியே வைத்திருக்கிறார்கள். ஒட்டவே முடியவில்லை.
— பணித்தளத்திலிருந்து

யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். திருநெல்வேலியில் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா, பின்பு தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குப் போய் மொழி கற்றுப் பணி செய்தார். 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்து, உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். இன்று அந்த வார்த்தை தமிழ்நாட்டிலிருந்து போகிற நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. சாம்பார்ப் பொடியும் தமிழ்ப் பாட்டும் தமிழ்க் குடும்பங்களுமாக ஒரு தனி வளாகம் அமைத்துக்கொண்டால் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் இரண்டு வேளை அவர்கள் அடுப்பில் சாப்பிடுங்கள். கூட்டத்தில் அவர் பிரசங்கிக்கட்டும், நீங்கள் பாய் விரியுங்கள்.

ஆறு மாதமாக ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஜெபிக்கிறேன். ஊழியத்தைத் தாங்குகிற பங்காளர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் எல்லாம் நன்றாக இருப்பதாக எழுதுகிறேன். பொய்யாக வாழ்கிற மாதிரி இருக்கிறது.
— பெயர் வேண்டாம்

சகோதரி, முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12. ரத்தசோகையிலும் தைராய்டுக் குறைவிலும் வருகிற சோர்வை ஆவிக்குரிய வறட்சி என்று நினைத்துக்கொண்டு, உபவாசம் இருந்து இன்னும் மோசமாக்கிக்கொண்டவர்கள் உண்டு. வாரம் ஒரு முழு நாள் ஓய்வு எடுக்கிறீர்களா? ஞாயிறு உங்களுக்கு வேலை நாள், அது கணக்கில் வராது. திங்களோ செவ்வாயோ ஒரு நாளைப் பிடித்து, போனை அணைத்துவிடுங்கள். தூக்கமும் பசியும் போய் இரண்டு வாரமாகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வார்த்தை வராவிட்டால் வேறொருவரின் வார்த்தையைச் சொல்லுங்கள். 88-ம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். அது கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆனாலும் வேதத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதும் ஜெபம். உங்கள் சங்கத்தில் சம்பளம், இடமாற்றம் இவற்றில் அதிகாரம் இல்லாத மூத்த அக்கா ஒருவரைத் தேடி, மாதம் ஒருமுறை உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதிகாரம் உள்ளவரிடம் முழு உண்மை வராது, அதனால்தான் இந்த நிபந்தனை.

ஜெபக் கடிதத்தில் எல்லாவற்றையும் கொட்டவேண்டியதில்லை, பொய்யும் வேண்டாம். 'இந்த மாதம் சோர்வாக இருந்தேன், மூன்று வீடு மட்டும் சந்தித்தேன். ஒரு தாய் என்னை உட்காரவைத்துச் சோளக் கஞ்சி கொடுத்தாள்' என்று எழுதுங்கள். பங்காளர்கள் அதற்காகவும் ஜெபிப்பார்கள். அந்தத் தாயின் படமும் பெயரும் மட்டும் வேண்டாம்.